பயில்வான் கால்

ஏழு வயதிலேயே என் மகனுக்குக் கெண்டைக்கால்கள் திரண்டு உருண்டிருக்கும். ஆம்பூரில் எங்கள் தெருவே அவனைப் பயில்வான் என்றுதான் கூப்பிடும். ஷூ கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் அந்தக் கால்களைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். படியேற அவன் திணறியபோதுகூட, "இன்னா பயில்வான், சோம்பலா?" என்று சிரித்தேன்.

வேலூரில் எம்ஆர்ஐ எடுத்த பிறகு, டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு அவன் காலின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டினார்.

"தசை கறுப்பா தெரியணும். வெள்ளையெல்லாம் கொழுப்பு. தசை அழிஞ்ச எடத்துல கொழுப்பு சேர்ந்துதான் காலு இவ்ளோ பெருசா இருக்குது."

படத்தில் வெள்ளைதான் ஜாஸ்தி.

"முட்டை, கறி எதுனா குடுக்கட்டா மேடம்?"

"மருந்தால தசை அழியற வேகத்த கொஞ்சம் கம்மி பண்ணலாம். நிறுத்த முடியாதுங்க. போகப் போக நடக்கவே முடியாம போய்டும்."

வெளியே என் மனைவி மடியில் இருந்த மகன் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான். மெஷினுக்குள் அசையாமல் படுத்தால் மக்கன் பேடா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

"அப்பா, நான் கொஞ்சம்கூட அசையல. பேடா எங்க?"

சமத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து, வீட்டில் அவன் என்ன ஆட்டம் போட்டாலும், சும்மா இரு என்று நான் சொல்வதில்லை.