அக்கரப்பத்தனைக்குப் போன பேச்சுப்பெட்டி

தலவாக்கலை கடைவீதியில் அழகையாவின் ஜவுளிக்கடைக்குச் சேலை எடுக்க வருகிற தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அவர் மகள் சிவகாமசுந்தரியை நன்றாகத் தெரியும். துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவர்கள் பேசுவதை வாய் பார்க்கிற பெண். ஒரே சொல்லை அக்கரப்பத்தனைக்காரி ஒரு மாதிரி இழுப்பாள், அட்டன் பக்கத்துக்காரி வேறு மாதிரி வெட்டுவாள். இரவுச் சாப்பாட்டின்போது சுந்தரி இரண்டையும் பேசிக் காட்டினால் வீடே சிரிக்கும்.

அந்தக் காதுதான் அவளைப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. தமிழில் பட்டம் வாங்கினாள். மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்த நேரத்தில், மேற்பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். தோட்டத்து மக்களின் பேச்சுத் தமிழைப் பற்றி ஆராயப் போகிறாளாம்.

"அதுல ஆராய என்னம்மா இருக்கு? தெனமும் கேக்குறதுதானே" என்றார் அழகையா.

"தெனமும் கேக்குறோம் சரிப்பா. யாராவது எழுதி வச்சிருக்காங்களா?"

அழகையா சிரித்துவிட்டார். அது சம்மதம் என்று சுந்தரிக்குத் தெரியும்.

ஆனால் மேற்படிப்பு அவள் நினைத்தது போல் இல்லை. வகுப்பு இல்லை, மணி இல்லை, கூடப் படிக்கிறவர்கள் இல்லை. அவளுக்கு வழிகாட்ட வேண்டிய பேராசிரியர் விடுமுறையில் வெளிநாடு போய்விட்டார். விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து பழைய இலக்கண நூல்களைப் புரட்டினாள். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறினாள். தோட்டத்து எல்லையிலேயே கண்டாக்கு செல்லசாமி மறித்துக்கொண்டார். கொழுந்து மலைகளை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தர் அவர். தோட்டத்தை நடத்துகிற துரையின் அனுமதி இல்லாமல் வெளியாட்கள் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போகக்கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். சுந்தரி மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு தலைவலி பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்து மருந்தகத்துக்குப் போனாள். டாக்டர் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரோடு பேசுகிறாய் என்று கேட்டார். சுந்தரி யோசித்துப் பார்த்தாள். விடுதிச் சமையல்காரரைத் தவிர வேறு முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டாக்டர் அவளை மாணவர் ஆலோசகர் திருமதி ரத்னாயக்கவிடம் அனுப்பினார்.

அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அதுவரை சுந்தரிக்குத் தெரியாது. ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவளைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என்ன வேண்டும் என்று அந்த அம்மா கேட்க, ஒன்றும் வேண்டாம் என்றாள்.

"ஒன்றும் வேண்டாதவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எது எது வழியை மறிக்கிறது என்று சொல்" என்றார் திருமதி ரத்னாயக்க.

சுந்தரி சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு மூச்சு விடாமல். அவள் சொல்லச் சொல்ல அந்த அம்மா டெலிபோனை எடுத்து ஒவ்வொரு இடமாகப் பேசினார். தோட்டத்துக்குப் போக அனுமதி வேண்டுமானால் பல்கலைக்கழக அலுவலகமே துரைக்கு எழுதிக் கேட்குமாம். சென்னையிலிருந்து புத்தகம் வேண்டுமென்றால் நூலகம் தருவித்துக் கொடுக்குமாம். புதன்கிழமை மாலைகளில் மேற்படிப்பு மாணவர்கள் கூடித் தேநீர் குடித்து, ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துத் திருத்துகிறார்களாம். எல்லாவற்றுக்கும் மேலே, மொழிக்கூடத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி தூசி படிந்து கிடக்கிறதாம். இத்தனையும் நூறடி தூரத்தில் இருக்க, ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மொழிக்கூடத்துக்கு ஏறுகிற மேட்டில், சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஓடவே ஓடினாள்.

கூடத்துப் பொறுப்பாளர் குணதாஸ பெட்டியைத் திறந்து காட்டினார். பெரிய பெட்டி, மேலே இரண்டு சக்கரம், அவற்றில் பழுப்பு நாடா. லயங்களில் மின்சாரம் இல்லையே என்று சுந்தரி சிங்களத்தில் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. லொறி பேட்டரி ஒன்றையும் வேறு ஏதோ கருவியையும் சேர்த்து முடுக்கி, ஒரு வாரத்தில் ஓட வைத்தார். அவளையே பேசச் சொல்லிப் போட்டுக் காட்டினார். சளி பிடித்தவள் போல ஒருத்தி பேசுவது கேட்டது. அது தன் குரல்தான் என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பெட்டி ரயிலில் தலவாக்கலைக்கு வந்து இறங்கிய அன்று, அழகையா கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். போர்ட்டரைத் தொட விடாமல் தானே ஒரு பக்கம் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய காரில் பெட்டியும் பேட்டரியும் ஏற, அப்பாவும் மகளும் அக்கரப்பத்தனைக்குப் புறப்பட்டார்கள். இந்தத் தடவை செல்லசாமி கண்டாக்கு துரையின் அனுமதியோடு காத்திருந்தார். லயத்து வாசல் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

அது அறுபத்துநாலாம் வருஷக் கடைசி. தோட்டத்து ஜனங்களில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதாக இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. காரிலிருந்து ஒரு பெட்டி இறங்குவதைப் பார்த்ததும் லயம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பெயர் பதிய வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கொழுந்து பறிக்கிற ராக்காயியைச் செல்லசாமி முன்னால் அழைத்து வந்தார். அந்த லயத்திலேயே வாய்த்துடுக்கானவள் என்று பேர் வாங்கியவள். மலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லச் சொன்னாள் சுந்தரி. சக்கரம் சுழலத் தொடங்கியதும் ராக்காயி நிமிர்ந்து நின்றாள்.

"நாங்கள் இந்தத் தோட்டத்திலே மிகவும் மகிழ்ச்சியாக வேலை செய்து வருகின்றோம்."

கூட்டத்து மேடைப் பேச்சு அச்சு அசலாக வந்தது. அடுத்து வந்தவர்களும் அப்படியே பேசினார்கள். சுந்தரி சோர்ந்துபோனாள். அப்போது பின்னால் நின்ற அம்மாக்கண்ணு முன்னே வந்தாள். தலைமுடி நரைத்த, நிதானமான பெண்.

"எங்க பேச்சப் புடிச்சு வச்சு, அதக் காட்டி எங்கள அனுப்பிடுவாங்களா?"

யார் பெயரும் எழுதப்போவதில்லை, இது தன் படிப்புக்கு மட்டும்தான் என்று சுந்தரி சொன்னாள். அவர்கள் முகம் மாறவில்லை. அதுவரை காரோரம் நின்றிருந்த அழகையா பேசினார்.

"எங்களுக்கும் இன்னும் பிரஜாவுரிமை முடிவாகலம்மா. எம் மகளும் உங்களப் போலத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

அம்மாக்கண்ணு அவரையும் சுந்தரியையும் மாறிமாறிப் பார்த்தாள். சுந்தரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, பதிந்ததைப் போட்டாள்.

ராக்காயியின் குரல் பெட்டிக்குள்ளிருந்து கணீரென்று வந்தது. மிகவும் மகிழ்ச்சியாக வேலை செய்து வருகின்றோம். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, லயமே சிரித்தது. சாத்தின கதவுகள் திறந்தன.

"என்னிக்கிடி நீ இப்பிடிப் பேசியிருக்க? நேத்து என் நெரயில பூந்து கொழுந்து பறிச்சப்ப வேற மாதிரிப் பேசுனியே" என்றாள் அம்மாக்கண்ணு.

சுந்தரி பதிவு விசையில் விரலை வைத்துக்கொண்டு, ஓட விடட்டுமா, யாருக்காவது வேண்டாமென்றால் நிறுத்திவிடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள்.

"ஓடட்டும்மா. நாங்க போனாலும் எங்க பேச்சாவது இங்க கெடக்கட்டும்" என்றாள் அம்மாக்கண்ணு.

சக்கரம் சுழன்றது. யாருக்கு ஒதுக்கிய தேயிலை நிரையில் யார் புகுந்தது என்று ராக்காயி சண்டையை ஆரம்பித்தாள். ஒருத்தி நியாயம் சொல்ல, இன்னொருத்தி அவளைக் கேலி செய்தாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு யார் பிந்தி வந்தது, கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் யார் குழந்தை யாரைக் கடித்தது என்று பேச்சு எங்கெங்கோ போனது. சுந்தரி கடையில் துணி மடித்துக்கொண்டு கேட்ட அதே இழுப்பு, அதே வெட்டு. நாடா தீர்ந்து சக்கரம் வெறுமனே சுற்றியது. அதற்குப் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை.

அடுத்த புதன்கிழமை மேற்படிப்பு மாணவர்கள் கூட்டத்தில் நாடாவைப் போட்டாள். தமிழ் தெரியாத சிங்கள மாணவர்கள்கூட அந்தச் சண்டையின் ஏற்ற இறக்கத்தை ரசித்துக் கேட்டார்கள். வரலாறு படித்த வீரய்யா என்பவர் அவள் எழுதிய முதல் அத்தியாயத்தில் பாதியைச் சிவப்பு மையால் அடித்தார். சுந்தரி இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அவர் சொன்னபடியே மாற்றி எழுதினாள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பேராசிரியர், தான் இல்லாமலே வேலை இவ்வளவு தூரம் நகர்ந்ததைக் கண்டு அசந்துபோனார்.

நேர்முகத் தேர்வில் பரீட்சகர்கள் அவள் எழுதியதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பதிவைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டுவிட்டு, திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார்கள். அவளுக்கு முதுகலைப் பட்டம் கிடைத்தது.

செய்தி சொல்ல அப்பாவும் மகளும் மைசூர்பாகோடு அக்கரப்பத்தனைக்குப் போனார்கள். ராக்காயி முதல் துண்டை எடுத்துக்கொண்டு, பட்டத்தில் பாதி தன்னுடையது என்றாள். அம்மாக்கண்ணு அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பக்கத்து டிவிசனில் தன் நாத்தனார் வேலாயி இருக்கிறாள், அவள் பேச ஆரம்பித்தால் ராக்காயியெல்லாம் ஓரத்தில் நிற்க வேண்டும், எப்போது பெட்டியைக் கொண்டு வருகிறாய் என்று கேட்டாள். சுந்தரி அப்பாவைப் பார்த்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம" என்றார் அழகையா.