என் கூவலுக்குத் திரும்பிய தோணி

என் கணவர் யாக்கோபைத் துடுப்பால் அடித்தவர்கள் எங்கள் பழைய சபையார். ஆனால் அவரைக் கரைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தவள் நான். சகோதரரே, சகோதரிகளே, இதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்த நன்மையை மட்டும் சொல்ல என் வாய் கூசுகிறது.

நாங்கள் பெரியகல்லாறு. கூப்பனுக்கு அரிசி வாங்கிய உலக யுத்த காலம் அது. அப்போது நாங்கள் இருந்த சபையில் மருந்து தொடுவது பாவம், ஜெபம் மட்டும்தான். அந்த மாரியில் எங்கள் மகள் எஸ்தருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. நான் முழங்காலில் நின்றேன். அவர் புளியந்தீவுப் பட்டணத்துக்குப் போய்க் கொயினா மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். பிள்ளை பிழைத்தாள். சபை அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. மாட்டேன் என்று விலகிவிட்டார். நான் விலகவில்லை. பிழைத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அவரைத் துரோகி என்றேன்.

வாவியில் வலை போடும் ஆண்களை வீட்டுப் பெண்கள் கரையில் நின்று கூவித்தான் கூப்பிடுவோம். ஒவ்வொருத்தியின் கூவலும் ஒரு விதம். சபை பகைத்த பிறகு அவர் வேறு யாருக்கும் தோணியைத் திருப்புவதில்லை. என் சத்தத்துக்கு மட்டும் வருவார்.

அது சபை மூப்பருக்கும் தெரியும். ஒருநாள் காலை வீட்டுக்கு வந்தார். "நீ கூப்பிட்டாத்தான் வருவான் மகள். ரெண்டு வார்த்த புத்தி சொல்லி, ஜெபம் பண்ணி விட்டிருவம்" என்றார். நம்பினேன் என்று சொன்னால் பொய். கரையோரச் சேற்றில் அடர்ந்த கண்ணாக் காட்டுக்குள் ஆட்கள் துடுப்போடு பதுங்கி நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் கூவினேன்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அடித்துப் போட்டுவிட்டு அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அவர் தலையில் இரத்தம் நிற்கவில்லை. "ஆண்டவரே, இவர் உயிரோடு இருக்கவேணும். இன்னும் ஒரேயொரு தரம் என்ர சத்தத்துக்கு வரவேணும்" என்று சேற்றில் கிடந்து கதறினேன். அப்போதுதான் பாய்க்கட்டு ஏற்றிய தோணி ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவர். "அழாத மகள், தலைய மடியில வெச்சுப் புடி" என்றார். தம் ஊரில் இறங்காமல் புளியந்தீவு ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் பாவம் என்று ஒதுக்கிய மருந்தால் அவர் கண் திறந்தார்.

பதுங்கி நின்றவர்களைக் கண்டபிறகுதான் கூவினேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்த பிறகும் மகளோடுதான் பேசினார், என்னோடு பேசவில்லை. நானும் சபையை விட்டேன். சபையார் எறிந்த கல் எங்கள் கூரையில் விழுந்தது. அதை எனக்கு வந்த கேடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஜெபத்தில் பாதி கிடைத்துவிட்டது; மீதிப் பாதியை நாள்தோறும் கேட்டேன்.

மாசியில் அவர் மறுபடி தோணி இறக்கினார். நடுப்பகலில் காற்று மாறியது. கரைக்கு ஓடினேன். எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? ஆண்டவரை நினைத்துக்கொண்டு கூவினேன். தோணி அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு திரும்பியது.

கரைக்குக் கிட்ட வந்ததும் முதலில் கண்ணாக் காட்டைப் பார்த்தார்.

"ஆரும் நிக்காங்களா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

தோணிக் கயிற்றை என் கையில் தந்தார்.

இன்றைக்கும் கரை சேருமுன் அவர் அந்தக் காட்டை ஒருமுறை பார்ப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் செத்துப் போகிறேன். ஆனாலும் வருகிறார். கேட்கத் தகுதியில்லை என்று வாயடைத்திருப்பவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்கே கொடுத்தாரே.