ஐந்து அட்டைக்காரி

டீ ஊற்றுவதற்கு முன்னால் வீராயி காலிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொள்வாள். உள்ளங்கையில் வைத்து நடுவிரல் நகத்தால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பாள். கணீரென்றால், "ஊத்து." சத்தம் மந்தமாக வந்தால், "இது உள்ள வெடிச்சிருக்குது, வேற குடு." கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பார், மயிரிழைக் கீறல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. நாலாம் நாள் அதே கோப்பை கொதிக்கிற டீயோடு யார் மடியிலாவது இரண்டாகப் பிளக்கும். அதிலிருந்து கடைக்காரர் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், கல் அரைக்கும் ஷெட்டில் பதினோரு வருஷமாக வேலை. வெள்ளைக்கல்லை மாவாக்கிச் சலித்து மூட்டை கட்ட வேண்டும். வயது முப்பத்தாறுதான், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை. "தெனம் பவுடரு போட்டுக்கினு வர்ற மவராசி நானு" என்று அவளே கேலி பேசுவாள். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பதில்லை. அவள் புருஷன் நடராசனும் அந்த ஷெட்டில்தான் இருந்தான். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். கல்தூசி மாத்திரைக்கு மசியுமா? கடைசி மாசத்தில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினான், சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடியில் வீராயிக்கும் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு வருசம் பக்கத்துல படுத்து அந்த இருமலக் கேட்டவ நானு. எனுக்குத் தெரியாதா" என்றாள்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு வழி திறந்தது. பொம்மை ஷெட் வைத்திருந்த கொளஞ்சிநாதன், நெய்வேலியில் மகனோடு போய் இருந்துவிடப் போவதால், தன் அச்சுகளையும் ஷெட்டையும் எட்டாயிரத்துக்குக் கை மாற்றிவிட நினைத்தார். யானை, கிளி, உண்டியல் என்று நூற்றுச் சொச்சம் அச்சு. அங்கே எல்லாமே ஈரவேலை. குழைத்த மண்ணைக் கூழாக அச்சில் ஊற்றி எடுத்து, காயவைத்து, பொதுச் சூளைக்கு அனுப்ப வேண்டியதுதான். தூசி எழும்பாது. வீராயி நாலு நாள் சாயங்காலம் போய் வாசலில் நின்று, அந்த ஈரக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு வந்தாள். கொளஞ்சிநாதன் நல்ல மனுஷர். "மார்கழி பொறக்குற வரைக்கும் ஒனக்காவ நிறுத்தி வைக்கிறம்மா. அதுக்கு மேல எனுக்கும் முடியாது" என்றார்.

எட்டாயிரத்துக்கு எங்கே போவது? பட்டா இல்லை, நகை இல்லை. அவளிடம் இருந்தது அட்டை. தொழிற்பேட்டை வாசலில் தினம் காலை சைக்கிளோடு வந்து நிற்கும் தண்டல்காரர் அர்ச்சுனனிடம் ஆயிரம் எழுதி வாங்கினால், வட்டி பிடித்துக்கொண்டு எண்ணூற்றைம்பது கையில் தருவார். நாளுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அட்டையில் கட்டத்துக்குக் கட்டம் கையெழுத்து விழும். ஆறு வருஷத்தில் இருபது அட்டைகளை முடித்திருந்தாள் வீராயி. நடராசனைத் தூக்கிய அன்றைக்குக்கூட அந்தக் கட்டம் காலியாக இல்லை. பாடை கட்டும்போதே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பத்து ரூபாயைக் கொடுத்தனுப்பினாள். கடைவீதியில் ஃபைனான்ஸ் வைத்திருந்த ராஜவேல் இந்த மாதிரி அட்டையைப் பார்த்தே பெரிய தொகை கொடுப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

நேராகப் போய் அந்த இருபதையும் அவர் மேசைமேல் வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். பாவி, வைக்கவில்லையே! அவள் புத்தி பீங்கான் புத்தி. வெளியூர் வியாபாரி ஃப்யூஸ் கட்டை வாங்க வந்தால் பெட்டியில் ஒன்றை மட்டும் தட்டிப் பார்ப்பதில்லை. மேலே, அடியில், மூலையில் என்று ஐந்தை எடுத்துத் தட்டுவான். ஐந்தும் கணீரென்றால்தான் பெட்டி லாரி ஏறும். "ஒரே ஆளு நல்லவன்னு சொன்னா, ஒறவுக்காரனாட்டம் சொல்றான்னு நெனைப்பாங்க. அஞ்சு பேரு சொல்லணும்" என்று கணக்குப் போட்டாள்.

ஒரே வாரத்தில் நாலு புதிய தண்டல்காரர்களிடம் ஆளுக்கு ஐந்நூறு எழுதி வாங்கினாள். வாங்கிய பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. டப்பாவில் போட்டு வைத்து, அதிலிருந்தே தினம் எடுத்து நாலு பேருக்கும் கட்டினாள். வட்டிக்குப் பிடித்ததை ஈடுகட்ட வீட்டில் இருந்த பித்தளை அண்டாவை விற்றாள். நல்ல பெயருக்காகக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு அண்டாவைத் தின்னக் கொடுத்தவளை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. இருபத்தைந்து நாள், அர்ச்சுனனிடம் ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து ஐந்து அட்டை, ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. கார்த்திகையில் தலைக்குக் குளித்துவிட்டு, பழைய இருபதையும் இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு ராஜவேலிடம் போனாள்.

ராஜவேல் மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பழையதை மேலோட்டமாக, புதியதை நிதானமாக.

"ஆறு வருசமா ஒருத்தர்கிட்டதான் வாங்கியிருக்க. சந்தோசம். ஐப்பசில ஒரே வாரத்துல நாலு பேருகிட்ட கை நீட்டியிருக்கியே, வூட்டுல அப்படி என்னம்மா ஆபத்து?"

"ஆபத்து ஒண்ணும் இல்லிங்க. நீங்க பாக்கணும்னுதான் வாங்கனேன்."

"நான் பாக்கறதுக்கா?"

"பணம் அப்படியே டப்பாவுல கெடக்குதுங்க. வேணும்னா கொண்டாந்து காட்டறேன்."

"பணம் கையில இருக்கறவ எதுக்கும்மா கடன் வாங்கறா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அட்டைகளை ஒன்றாக அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். "தண்ணியில முழுவறவன்தான் நாலு பக்கமும் கைய வீசுவான். ஒரு வருசம் போவட்டும், அப்புறம் வா."

ஒரு வருஷமாம்! மார்கழி பிறக்க இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கவிழ்த்தாள். மறுநாள் காலையில் நாலு பேரையும் வாசலில் நிறுத்தி, பாக்கி மொத்தத்தையும் கட்டி அட்டைகளை முடித்துவிட்டாள். கை வீசாமல் கரையேறிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். முடித்த அட்டைகளோடு மறுபடி போனபோது ராஜவேலின் காதுக்குச் சேதி முன்னாலேயே போயிருந்தது.

"ஒரே நாள்ல நாலு பேருக்கும் தீத்துட்டியாமே. அதுக்கு எங்கம்மா வாங்கன?"

வீராயி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. ராஜவேல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மார்கழி முதல் நாள் அச்சுகளைப் பண்ருட்டிக்காரர் ஒருவர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். கொளஞ்சிநாதன் கல் ஷெட் வரைக்கும் வந்து, "நான் சொன்ன தேதி வரைக்கும் வச்சிருந்தேம்மா" என்றார். "ஒங்க மேல என்னாங்க தப்பு" என்று சொல்லிவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அர்ச்சுனனின் அட்டையும் முடிந்தது. நூறாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு பையிலிருந்து புதிய அட்டையை எடுப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பையை மூடினார். "கொஞ்ச நாளு போவட்டும்க்கா. வீராயி எங்கியோ பெருசா மாட்டிக்கினான்னு பேசிக்கிறாங்க. எனுக்கு மேலயும் மொதலாளி இருக்காரு" என்றார். ஆறு வருஷம் கை நீட்டி வாங்கியவர், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான். வருத்தத்தை வைத்து என்ன செய்வது?

மறுநாள் காலை அர்ச்சுனன் வாசலுக்கு வந்தபோது, கட்ட வேண்டிய பெண்களுக்குக் கடைசியில் வீராயி நின்றாள். மற்றவர்கள் கட்டி முடித்துப் போனதும் பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள்.

"ஒனக்குப் பாக்கியே இல்லியேக்கா."

"இல்ல."

"அட்டை இல்லாம எதுல எழுதறது?"

"எழுத வேணாம் தம்பி. ஒரு நாளும் தவறலன்னு இருக்கட்டும், வாங்கிக்க."

அர்ச்சுனன் கையை நீட்டவில்லை. சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். வீராயி நோட்டை நாலாக மடித்து, அவர் சைக்கிள் கைப்பிடியில் பிரேக் கம்பியின் இடுக்கில் செருகிவிட்டு, கல் அரைபடும் ஷெட்டுக்குள் போனாள்.