ஆடிட் நாளில் பச்சைத் தொப்பி

1. கான்டீன்

எங்கள் கம்பெனியில் ஆடிட் வருகிறது என்றால் முதலில் தரை பளபளக்கும். அடுத்து, பச்சைத் தொப்பிகள் காணாமல் போகும்.

ஒரகடத்தில் ஒயரிங் ஹார்னஸ் லைனில் வேலை பார்க்கிறேன். காருக்குள் ஓடும் ஒயர்களை அளந்து வெட்டி, டெர்மினல் அடித்து, கனெக்டரில் செருகி, டேப் சுற்றி ஒரே கட்டாக அனுப்புவது எங்கள் வேலை. பயிற்சியில் இருப்பவர்களுக்குப் பச்சைத் தொப்பி, நிரந்தரமானவர்களுக்கு நீலம், லைன் லீடருக்கு மஞ்சள். இன்று என் தலையில் மஞ்சள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, வல்லம் வடகாலில் ஒரு ஹாஸ்டல் அறையை ஐந்தாறு பெண்களோடு பகிர்ந்துகொண்ட காலத்தில் பச்சை.

எங்கள் ஒயரை வாங்கும் கார் கம்பெனி ஆள் வந்து சோதிப்பதுதான் கஸ்டமர் ஆடிட். நான் பார்த்த முதல் ஆடிட் அன்று இன்சார்ஜ் எங்களைக் கூப்பிட்டார்.

"பச்சைங்க எல்லாம் மேல கான்டீனுக்குப் போங்க. கூப்பிடற வரைக்கும் கீழ எறங்கக் கூடாது. வடை வேணா சாப்டுங்க, கம்பெனி கணக்கு."

எங்கள் இடங்களில் பழைய கைகளை நிறுத்தினார். என்னோடு சேர்ந்திருந்த தேவகி உள்ளூர்க்காரி. வடையைக் கடித்துக்கொண்டே, "சம்பளத்தோட வடை. தெனிக்கும் ஆடிட் வந்தா இன்னா கெட்டுப் போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஆடிட்டர் கோயம்புத்தூர்க்காரர். டீ குடிக்க மேலே வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைங்களுக்கு லைன்ல வேலை இல்லீங்களா?"

"ட்ரெயினிங் நடக்குது சார்" என்றார் இன்சார்ஜ்.

"கான்டீன்ல என்னங்க ட்ரெயினிங்? எனக்கு வர்ற பெட்டியில இவங்க கைபட்டதும் இருக்குமுங்களே. அப்ப இவங்க வேலையத்தான் நான் பார்க்கோணும்."

கீழே கூட்டிப் போய், அவரவர் இடத்தில் நிற்க வைத்தார். நான் செருகிய ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. தேவகி செருகியதும் வந்துவிட்டது. குறை என்று எழுதினார். எங்கள் பேச்சில் அதற்கு என்.சி. என்று பெயர்.

என்.சி. எழுதினால் அதோடு முடிந்துவிடாது. கம்பெனி என்ன செய்தது என்று பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே லைன் ஓரத்தில், ஒயரைச் செருகிப் பழக ஒரு பயிற்சி போர்டு வந்தது. புதியவர்கள் பக்கத்தில் ஒரு நீலத் தொப்பியை நிறுத்தினார்கள். தள்ளு, க்ளிக் சத்தம் கேள், இழுத்துப் பார். இந்த மூன்றும் என் கையில் ஏறியது அந்தப் போர்டில்தான். சில மாதம் கழித்து அதே ஆடிட்டர் திரும்பி வந்தார். நேராக என்னிடம் வந்து, "இப்பச் செருகுங்க பார்க்கலாம்" என்றார். இழுத்தார். வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் அன்று டீ குடிக்க மேலே வராமல் இருந்திருந்தால் என் வேலை நிலைத்திருக்காது.

இந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். வடையை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றதை நடித்துக் காட்டினால் என் மகள் பெனிட்டா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

2. ஒரே ஸ்கேல்

பெனிட்டா, நாங்கள் இப்போது குடியிருக்கும் ஊரின் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. கணக்கு பரவாயில்லை. வாசிப்பதுதான் கஷ்டம். எழுத்துக்கூட்டி வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோயிருக்கும். என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு பேரும் வெவ்வேறு ஷிப்ட். பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் ஒருவர் வேலையில் இருப்போம், மற்றவர் தூக்கத்தில் இருப்போம். இந்தக் கவலை எனக்குப் புதியதல்ல. அவளுடைய டீச்சரைக் கேட்டால் தெரியும். வாரம் தவறாமல் போய் நிற்பேன்.

இந்தக் கல்வியாண்டுத் தொடக்கத்தில், நாடு முழுவதும் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் தேர்வுக்கு எங்கள் பள்ளியும் தேர்வானது. தலைமையாசிரியை கஸ்தூரி டீச்சர் பெற்றோர் கூட்டம் போட்டு விளக்கினார். பாஸ், ஃபெயில் கிடையாது. எந்தப் பிள்ளையின் மார்க்கும் வெளியே வராது. தேசிய அளவில் இந்த வகுப்புக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள், அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான் என்றார்.

கேஸ் வண்டி ஓட்டும் செல்வம் எழுந்தார். "நல்லதுதான டீச்சர். நாளைக்கு என் பையன் புனேல வேலை தேடுவான். நான் கவர்மென்ட் ஸ்கூலு, எனக்குக் கொஞ்சம் கொறைச்சிக்கோங்கன்னு அங்க கேக்க முடியுமா? நாடு முழுக்க ஒரே அளவு வைக்கட்டும்."

தேவகி இப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. லைனில் எனக்குப் பக்கத்து ஸ்டேஷன். அவள் விடவில்லை. "அளவு வைக்கிறவரு என் வூட்டாண்ட வந்து பார்க்கட்டும். நான் பி ஷிப்ட் முடிச்சிக்கினு வரசொல்லோ புள்ள தூங்கிடுது. ஏசி ரூம்ல ட்யூஷன் போற புள்ளைக்கும் இதுக்கும் ஒரே ஸ்கேலா?"

"அப்ப உம்புள்ளைக்குச் சின்ன ஸ்கேலா குடுக்கச் சொல்றியா?"

"ஸ்கேல் குடுக்கறவங்க டீச்சரையும் குடுக்கட்டும்னு சொல்றேன். இங்க மூணு கிளாஸுக்கு ரெண்டு டீச்சர்தான் கீறாங்க. வெறும் ஸ்கேல வச்சி இன்னா பண்றது? முட்டியிலதான் அடிக்க முடியும்."

கூட்டம் சிரித்தது. கஸ்தூரி டீச்சரும் சிரித்தார்.

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. எங்கள் வேலையில் டிராயிங் ஒன்றுதான். ஒரகடத்தில் வெட்டிய ஒயர் வேறு ஊரில் நிற்கும் காரில் பொருந்த வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்காக யாரும் அரை இன்ச் விட்டுத் தரமாட்டார்கள். ஆனால் டிராயிங் மட்டும் தனியாக வராது. கூடவே டூல் வரும், சாம்பிள் பீஸ் வரும், பழக நேரம் தருவார்கள். நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டீச்சர், அளந்து பார்த்திட்டுப் போறவங்க திரும்பி வருவாங்களா?"

கஸ்தூரி டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். "அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா நான் இங்கதான் இருப்பேன்."

கூட்டம் முடியும் நேரத்தில் தேவகி மெதுவாக ஆரம்பித்தாள். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நம்ம ஸ்கூல ஹைஸ்கூலா ஆக்கித் தரச்சொல்லி எவ்ளோ வருசமா கேட்டுக்கினு கீறோம். இந்த நேரத்துல மார்க் கொறைஞ்சா அதையே காரணமா சொல்லிடுவாங்க. கம்பெனில ஆடிட்டுன்னா புதுசுங்கள மேல அனுப்பிடுவோம். அந்த மாரி, படிக்கத் தடுமாறுற புள்ளைங்க அன்னிக்கு ஒரு நாளு வூட்ல இருந்தா..."

அவள் இந்த வருடம் எட்டாம் வகுப்பை முடிக்கப்போகும் தன் மகளை மனத்தில் வைத்துச் சொன்னாள். எட்டுக்கு மேல் படிக்க வாலாஜாபாத் பஸ் ஏற வேண்டும். அந்த பஸ்ஸில் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவள் பயம் பொய்யில்லை.

"ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைய வராதேன்னு என் வாயால சொல்ல மாட்டேன் தேவகி" என்றார் டீச்சர். பேச்சு அதோடு நின்றது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் தேவகி என் கையைப் பிடித்தாள். "அவங்க சொல்ல மாட்டாங்க. நாமதான் பார்த்துக்கணும். பெனிட்டாவுக்கு அன்னிக்கு காய்ச்சல்னு சொல்லிடுக்கா. இன்னும் மூணு பேர் வூட்லயும் பேசிட்டேன்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெனிட்டா அங்கேயே குழாயடியில் தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

3. பெனிட்டா கேட்டது

அன்று சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பரீட்சை அன்னிக்கு நான்தான் பச்சைத் தொப்பியா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அழவில்லை. எனக்குக் கத்தி நின்றுவிட்டது.

"யாருட்டி சொன்னா ஒனக்கு?"

"தேவகி அத்தை சொன்னது கேட்டுச்சு. பரவால்லம்மா. நான் போனா ஸ்கூலுக்கு மார்க் கொறையும்ல. வூட்லயே இருக்கேன். நீ மட்டும் வடை வாங்கிக் குடுத்துடு."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிப்பேன் என்று நினைத்தாள். அந்தக் கதைக்கு நான் எப்போதும் சிரிப்பவள்தானே. பதினொரு வயதுப் பிள்ளை, தான் இல்லாமலிருந்தால் பள்ளிக்கு நல்லது என்று கணக்குப் போட்டு, அதை அம்மாவுக்கு வேடிக்கையாகவும் சொல்லத் தெரிந்துவைத்திருந்தது.

"நீ போற. நான் கொண்டுபோய் விடுதேன்" என்றேன்.

4. கேட்

தேர்வு அன்று எனக்கு ஏ ஷிப்ட், காலை வேலை. சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டேன். "ஆறாங்கிளாஸ் பரீட்சைக்கா பர்மிஷன்? ஐஏஎஸ்ஸுன்னு நெனைச்சேன்" என்றார். ஆனால் கொடுத்தார்.

பள்ளி கேட்டில் தேவகி நின்றிருந்தாள். தலைவி என்பதால் அன்று அவளும் வரவேண்டியிருந்தது. பெனிட்டாவைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இன்னாக்கா, காய்ச்சல் வுட்டுச்சா?"

"அவளுக்கு வரவே இல்ல தேவகி. எனக்குத்தான் ரெண்டு நாளா அடிச்சுது."

பெனிட்டா உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "நீயும் நானும் அன்னைக்குக் கான்டீன்ல ஒண்ணாத்தான உக்காந்திருந்தோம். அந்த ஆளு கீழ கூட்டிட்டுப் போகலேன்னா நாம இன்னைக்கு இந்த வேலையில இருப்பமா?"

தேவகி உடனே திரும்பினாள். "உனக்கு அந்தாளு மட்டும்தான் ஞாபகம் கீறாரு. அவரு போனப்பறம் இன்சார்ஜ் இன்னா பேசினாரு, மறந்துட்டியா? இந்த கம்பெனிக்கு என்.சி. வாங்கிக் குடுத்த மகராணிங்கன்னு லைன் முழுக்க நிக்க வச்சி கை தட்டச் சொன்னாரு. நான் ஒரு வாரம் தல நிமிரல. அந்தக் கைதட்டு நம்ம புள்ளைங்களுக்கு வேணாம்னுதாங்க்கா சொல்றேன்."

அந்தக் கைதட்டல் எனக்கு நினைவில்லாமல் இல்லை. கதையாகச் சொல்லும்போது அதை விட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டது. ஒரே நாள், ஒரே மேஜை. நான் ஆடிட்டரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், அவள் கைதட்டலை. நாடு முழுக்க ஒரே தரம் வேண்டுமா என்று டீவியில் சத்தம் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. அவர்களை முன்பு அளந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஏன் அந்தந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அப்போது கஸ்தூரி டீச்சர் வெளியே வந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"தேவகி, மூணு பிள்ளைங்க வரல. வந்தவங்களை வச்சு நடத்திக்கலாம்னு தேர்வு நடத்துறவங்க சொல்றாங்க. எனக்கு அது போதாது."

தேவகி தரையைப் பார்த்தாள்.

"திட்டு வந்தா எனக்கு வரட்டும். எந்தப் பிள்ளை காதுக்கும் அது போகாது. கைதட்ட வைக்கிற ஆளு நான் இல்லம்மா. இத்தனை வருஷம் பார்த்திருக்கியே."

தேவகி போனை எடுத்தாள். "ஏய் லச்சுமி, புள்ளைய அனுப்பு. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன், நானே சொல்றேன். சைக்கிள்ல கொண்டாந்து வுடு, சீக்கிரம்."

மற்ற இரண்டு வீட்டுக்கும் பேசினாள். மூன்று பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். தேவகியே குனிந்து சரிசெய்து உள்ளே அனுப்பினாள்.

மதியம் வெளியே வந்த பெனிட்டாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"பெரிய பத்தி ஒண்ணு இருந்துச்சும்மா. பாதிதான் படிக்க முடிஞ்சுது" என்றாள். கொஞ்சம் நடந்த பிறகு, "படிச்ச பாதி புரிஞ்சுது" என்றாள்.

5. திரும்பி வராதவர்கள்

மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. வாசிப்பில் எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பின்தங்கியிருப்பதாகச் சொன்னது. கஸ்தூரி டீச்சர் கல்வி அலுவலகத்தில் ஒரு மீட்டிங் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று தேவகி கேட்டதற்கு, "டீ நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அங்கே வாங்கிய திட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அளந்தவர்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை. புது டீச்சரும் வரவில்லை. ஹைஸ்கூல் மனு அப்படியே இருக்கிறது. கஸ்தூரி டீச்சர் மட்டும் சொன்னபடி அங்கேயே இருக்கிறார். பள்ளி விட்ட பிறகு, எங்கள் லைனில் புதியவர்கள் பக்கத்தில் ஒரு நீலத் தொப்பி நிற்பதுபோல, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஆறாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறார். யோசனை தேவகியுடையது. பெனிட்டாவோடு உட்காருவது அவள் மகள்தான். பெனிட்டா இன்னும் வேகமாக வாசிப்பதில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது கம்பெனி போர்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்துவதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகும்போது, கோயம்புத்தூர்க்காரரையும் கஸ்தூரி டீச்சரையும், போனை எடுத்த தேவகியையும் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஆடிட். மேனேஜர்கள் மாறிவிட்டார்கள், பழக்கம் மட்டும் மாறவில்லை. புது இன்சார்ஜ் வந்து, "மேடம், பச்சைங்கள மேல அனுப்பிடலாமா?" என்றார்.

"வேணாம் சார். அவங்க இடத்துலயே நிக்கட்டும். என்.சி. வந்தா லைன் லீடர்னு என் பேர எழுதுங்க" என்றேன். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து தேவகி, "கை தட்டறதுன்னா என்னையும் சேர்த்துக்கோங்க சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதற்காகத்தான் எழுதுகிறேன். ஆடிட் நாளில் உங்களை யாராவது மேலே போகச் சொன்னால் என்னிடமோ தேவகியிடமோ வாருங்கள்.

அந்த ஆடிட் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பெனிட்டா கேட்டாள்.

"இன்னிக்கு பச்சைத் தொப்பியெல்லாம் எங்கம்மா ஒக்காந்தாங்க?"

"யாரும் உக்காரல. எல்லாரும் நின்னு வேலை பார்த்தாங்க."

"அப்போ வடை?"

"இன்டர்வெல்ல. எல்லாருக்கும்."