செத்த ராஜா சிரித்த அத்தியாயம்

நூலகத்தின் பின்கட்டில் யாரோ புத்தகம் ஒட்டப் பசை காய்ச்சுகிறார்கள். மயில்துத்தம் கலந்த அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும் நான் சின்ன வயதில், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், பக்கத்து வீட்டு வசந்தாவோடு, கோரைப்பாயில் குப்புறப் படுத்துக் கிடக்கிறேன்.

வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடரைக் கிழித்துச் சேர்த்து, பின்பக்கத்துத் தலைவலித் தைல விளம்பரங்களோடு மூன்று பாகமாகத் தைத்து, இதே பசையால் ஒட்டியவர் அவளுடைய அப்பா. ஷிப்டு முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில் இரண்டு வாரத்துப் பக்கங்களை முன்பின்னாக மாற்றித் தைத்துவிட்டதால், எங்கள் புத்தகத்தில் மட்டும் போரில் செத்த ராஜா அடுத்த அத்தியாயத்திலேயே பந்தியில் உட்கார்ந்து சிரிப்பார்.

"இன்னா நைனா இது, செத்தவரு பாயசம் குடிக்கிறாரு?" என்பாள் வசந்தா.

"மாயாஜாலக் கதைல சாவுலாம் ஒரு மேட்டரா? படிமே!" என்பார் அவர்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் முதலிலிருந்து படித்தோம். ராஜா சாகும் பக்கத்தில் அழாமல், அவசரமாகப் புரட்டிப் பாயசத்துக்கு ஓடினோம்.

ஒரு விடுமுறையில், ஃபேக்டரிக்குப் போன அவள் அப்பா நெஞ்சுவலி என்று பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இன்று அந்த வீடுகளே இல்லை. நான் மட்டும் வருஷம் தவறாமல் அந்த மூன்று பாகத்தையும் படிக்கிறேன், பந்தி வரும்போது பக்கத்தைப் புரட்டாமல் வைத்திருக்கிறேன்.

அன்று வீட்டைக் காலி செய்து, அவளுடைய நசரத்பேட்டை மாமா வீட்டுக்குப் புறப்பட்ட வண்டியிலிருந்து இறங்கி வந்து, அந்தப் பாகங்களை வசந்தாதான் என் கையில் திணித்தாள்.

"உங்கப்பா தைச்சதுடி, நீ எடுத்துட்டுப் போ" என்றேன்.

"உங்க ஊட்ல நைனா கீறாரு. செத்தவரு சிரிக்கறத நீயே படி."