ஸ்ரீதரின் லீவு லெட்டர்

கடலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஸ்ரீதருக்கு ஒரு கர்வம் உண்டு. அவன் எழுதும் லீவு லெட்டரை எந்த மேனேஜராலும் மறுக்க முடியாது என்பதுதான் அது. மற்றவர்களுடையது காய்ச்சல், மச்சான் கல்யாணம், வயிற்றுவலி என்று எதையோ அள்ளிக் கொட்டியது மாதிரி இருக்கும். மேனேஜர் வைத்திலிங்கம் படித்த கையோடு மறந்துவிடுவார். ஸ்ரீதர் எழுதினால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்.

சொந்த ஊரான சிதம்பரத்தில் ஆனித் தேர். லீவு வேண்டும். எழுதினான்: ராத்திரி மழை, அதனால் ஓடு ஒழுகியது, ஒழுகியதால் தரை ஈரம், ஈரத்தில் அம்மா வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு விட்டுப்போனது, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் கொடுத்தார்.

பாவம், அந்த மனுஷனால் அதை மறக்கவும் முடியவில்லை. தேரன்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நலம் விசாரிக்க வந்துவிட்டார். வீடு பூட்டியிருந்தது. தெற்கு வீதியில் அம்மாவும் பிள்ளையும் வடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இடுப்பு ஒடிஞ்ச அம்மா இவுங்கதானா ஸ்ரீதர்?"

அவன் அம்மா சிவகாமியம்மாளுக்கு ஒன்றும் தெரியாது.

"யாருக்கு ஒடிஞ்சிது? சும்மா நிக்கிறீங்களே தம்பி, நீங்களும் ஒரு கை புடிங்க."

அவரும் பிடித்தார். பிறகு ஹார்லிக்ஸை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மறுவாரம் ஆபீசில், "இனிமே நீ எவ்ளோ அழகா எழுதுனாலும் லீவு கெடையாது" என்றார்.

ஐப்பசி மழை நாளொன்றில் அம்மா உண்மையிலேயே விழுந்தார். பக்கத்து வீட்டு மங்கலம் போன் செய்தாள். ஸ்ரீதர் பேனாவை எடுத்தான். 'அம்மா பாத்ரூமில். மங்கலம் போன். ஆஸ்பத்திரி கார்டு பீரோவில், சாவி என்னிடம். அம்மா பேசவில்லையாம். லீவு.' படித்துப் பார்த்தான். ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. இதையா நம்பப்போகிறார்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திருத்தத் தெம்பில்லாமல் அப்படியே நீட்டினான்.

வைத்திலிங்கம் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"கோர்வையே இல்லியேப்பா. நெஜமாத்தான் விழுந்துட்டாங்க போலிருக்கு. வா, பஸ் ஸ்டாண்டுல உடுறேன்."

வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வண்டியை நிறுத்தி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி அவன் கையில் கொடுத்தார்.