பதினொரு தலையும் சரி

சின்னப்பொண்ணுவிடம் தலையில் தட்டு வாங்காத கூலிக்காரர்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கம்மி. கரும்பு வெட்டுகிற செட்டுக்கு அவள் மேஸ்திரி. ஆலையிலிருந்து வெட்டுக்கு உத்தரவு வந்ததும், விடிவதற்குள் ஆட்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, ஒவ்வொரு தலையாகத் தட்டி எண்ணுவாள். முற்றின தேங்காயா என்று பார்ப்பது போலத் தட்டுவாள். இருபது வருஷத்தில் ஒரு தலையைக்கூடக் கரும்புக்காட்டில் விட்டுவிட்டு வந்ததில்லை. இது அவளே நாலு பேரிடம் சொல்லி வளர்த்த சரித்திரம்.

மற்ற மேஸ்திரிகள் நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார்கள். சின்னப்பொண்ணுவும் எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் செட்டில் அவள் புருஷனும் ஒரு ஆள். கட்டினவன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பிறந்த வீட்டில் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது மகளை விட்டுச் சொல்ல வைத்தாள். அதனால் தலையைத் தட்டுவதுதான் அவளுக்குத் தோது. எண்ணிக்கைக்குப் பேர் தேவையில்லை.

அந்தப் புருஷன் பேர் முனியன். அவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசிவிட்டால் வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், காய்ச்சலோ என்று.

இந்த வருஷம் அரவை முடிந்த கையோடு மகன் இளவரசன் பழைய குட்டியானை வண்டி ஒன்று வாங்கினான். முதல் சவாரி சொந்தத்துக்குத்தான் என்று முடிவாயிற்று. கல்வராயன் மலை, கரியாலூர் பக்கத்து அருவி. டிரைவர் போகப் பதினோரு பேர். பின்னால் பத்து: முனியன், மகள் நிர்மலா, மருமகன் பிரவீன்குமார், அவர்கள் பிள்ளைகள் இரண்டு, சின்னப்பொண்ணுவின் தங்கை வீட்டு ஆட்கள் ஐந்து. முட்டி வலி என்று சின்னப்பொண்ணு மட்டும் முன்னால், மகன் பக்கத்தில்.

சங்கராபுரம் தாண்டுவதற்குள் ஒரு டயர் படுத்தது. கொண்டை ஊசி வளைவில் பிரவீன்குமார் வாந்தி எடுத்தான். எலுமிச்சம்பழச் சோற்றுக் குண்டானின் மூடியை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய் மரத்தின் மேல் உட்கார்ந்து அதில் தன் மூஞ்சியைப் பார்த்தது. இவ்வளவும் நடந்த பிறகு, இனிமேல் நடக்க எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அருவியில் சின்னப்பொண்ணுவின் செருப்பு ஒன்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பொங்கலுக்கு எடுத்த செருப்பு.

"ஒத்தச் செருப்ப வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஒரு ஆம்பள எட்டிப் புடிச்சானா பாரு" என்று முனியனைப் பார்த்தே சொன்னாள். அவர் மஞ்சள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு போன திசையைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். இளவரசன் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினான்; உள்ளே இருட்டில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. சின்னப்பொண்ணு நனைந்துகொண்டே தார்ப்பாய்க்கு மேலேயே தட்டி எண்ணினாள். உள்ளே பத்து. தன் நெஞ்சில் ஒரு தட்டு, பதினொன்று.

"சரியா இருக்குது, எடுடா."

மலை இறங்கி கோமுகி அணை வந்தபோது மழை விட்டிருந்தது. பொரித்த மீன் வாங்கி, டிரைவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தாள் சின்னப்பொண்ணு. இளவரசன் தார்ப்பாயை விலக்கினான். பின்மூலையில், வரும்போது முனியன் உட்கார்ந்திருந்த இடத்தில், தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்த ஆள் சாக்கைத் தூக்கிப் பார்த்தது.

"கச்சிராபாளையம் வந்துடுச்சாங்க?"

ஒரு பொம்பளை. முன்பின் பார்த்திராத பொம்பளை. மடியில் புளி மூட்டை. மூட்டை மேல் நிர்மலாவின் சின்னப் பையன் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

மீன் பொட்டலம் சின்னப்பொண்ணுவின் கையிலிருந்து நழுவியது. நாய் ஒன்று அதை எடுத்துக்கொண்டு போனதைக்கூட யாரும் விரட்டவில்லை.

"நீங்க யாருங்க?" என்றாள் நிர்மலா.

"காசியம்மாளுங்க. மலைமேலதான் வூடு. பொண்ணு வூட்டுக்குப் போறன். அருவிக்கிட்ட மஞ்சத் துண்டு போட்ட ஒருத்தரு, மழையில நிக்காதீங்க, எடம் இருக்குது, ஏறுங்கன்னு மூட்டையத் தூக்கி வெச்சாரு. தோ, செருப்பு ஒண்ணு பாத்துட்டு வந்துடறன்னு கீழ எறங்கிப் போனாரு. அதுக்குள்ள ஒரு அம்மா வந்து மண்டையில நங்குன்னு தட்டிச்சி. வண்டி கெளம்பிடுச்சி."

"ஆளு வரலன்னு சொல்லக்கூடாதாங்க?"

"அவுரு அந்த ஊருக்காருன்னு நெனச்சன் கண்ணு. இத்தினி பேரு இருக்கறீங்க, ஒருத்தரும் அவுரத் தேடலியே."

அந்த வார்த்தை ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாக விழுந்தது. பிரவீன்குமாருக்கு முகம் வெளுத்துப்போனது.

"கரியாலூர்லேர்ந்து மாமாகிட்ட என் கம்பெனிக் கதைய சொல்லிக்கினே வந்தன். மாமா உம் கொட்டினாரே."

"நான்தாம்பா கொட்டனன். பேசற புள்ளய எப்பிடி வுடறது?" என்றாள் காசியம்மாள்.

சின்னப்பொண்ணு கைபேசியை எடுத்தாள். அதில் முனியன் எண்ணுக்கு 'வூடு' என்றுதான் பேர். அழுத்தினாள். வண்டியில் கிடந்த மஞ்சப் பைக்குள் மணி அடித்தது.

பை அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தவில்லை. செட்டில் ஒரு ஆள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினாலும் அவளுக்குத் தெரியும். இன்றைக்கு ஒன்றரை மணி நேரமாகத் தன் புருஷனைக் காணவில்லை, எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

"மலையில கரடி இருக்குதுன்னு சொல்றாங்க அத்த" என்றான் பிரவீன்குமார்.

"வாய மூடிக்கினு வாங்க" என்றாள் நிர்மலா. கட்டினவனை அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

காசியம்மாளை அங்கேயே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வண்டி மறுபடி மலை ஏறியது. பிரவீன்குமார் வாந்தியைக்கூட விழுங்கிக்கொண்டான்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பனி இறங்கி, முன்னால் நிற்கிற மரமே தெரியவில்லை. கடைகளெல்லாம் மூடியிருந்தன. நிர்மலா "அப்பா" என்றாள், இளவரசன் "யப்பா" என்றான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. கரும்புக்காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் அந்தக் குடும்பத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

சின்னப்பொண்ணு ஒற்றைச் செருப்போடு இறங்கினாள். "யோவ்" என்றாள். யோவ் யாராகவும் இருக்கலாம். பனிக்குள் மூன்று அடி போய் நின்றாள். பிறகு மூச்சை இழுத்து,

"முனியன்" என்றாள்.

வண்டியருகில் நின்றவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். அப்பா தொலைந்தது கூடப் பரவாயில்லை என்பது போல நிர்மலா வாயில் கையை வைத்தாள். சின்னப்பொண்ணுவின் தங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சின்னப்பொண்ணு யாரையும் பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். கூப்பிடக் கூப்பிடக் குரல் உடைந்துகொண்டே வந்தது.

கடைசியில் பஸ் நிற்கிற கூரைக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டு எழுந்து வந்தது. கையில் ஒரு செருப்பு.

"பாறச்சந்துல மாட்டிக்கினு இருந்துச்சி" என்றார் முனியன்.

அவள் செருப்பை வாங்கவில்லை. "இத்தினி தபா கத்தறன், காதுல வுழலியா உனக்கு?"

"வுழுந்துச்சி. வேற யாரோ பொம்பள, வேற யாரோ ஆளக் கூப்புடறான்னு நெனச்சன்."

"வண்டி போனது தெரிஞ்சும் பேசாம ஒக்காந்துகினு இருந்தியா? பயமா இல்ல?"

"பயம் இன்னாத்துக்கு? நீதான் எண்ணுவியே. ஒண்ணு கொறஞ்சா திரும்பிடுவன்னு தெரியும்."

சின்னப்பொண்ணு முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"பேரச் சொல்லிட்டனே. ஆயுசு கொறஞ்சிடுமா?"

முனியன் யோசித்தார். "எட்டு தபா சொன்ன. எண்ணினன்" என்றார். "மொத ஏழு வேற ஆளுன்னு நெனச்சதால அது சேராது. ஒண்ணுதான்."

அன்றைக்கு அவர் பேசியது இருபதைத் தாண்டிவிட்டது. யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

திரும்பும்போது சின்னப்பொண்ணு முட்டி வலியை மறந்து பின்னாலேயே ஏறினாள். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே அடுத்த பேருக்குப் போனாள். மூலைக்கு வந்ததும் வாய் திறந்தாள், மூடினாள். அவர் தலைமேல் கையை வைத்தாள். தட்டவில்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

வண்டி இறங்கத் தொடங்கியது. பிரவீன்குமார் கம்பெனிக் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தான். மூலையிலிருந்து "உம்" என்று கேட்டது. சின்னப்பொண்ணு கைபேசி வெளிச்சத்தைப் போட்டு, உம் கொட்டியது யார் என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அணைத்தாள்.